214 கிராமில் 20,000 எம்ஏஎச்: ஒரு மலிவு பவர் பேங்கைப் பிரித்து மறுபடி கட்டிய பதிவு

ஐந்து மாதத்துக்கு முன்னால் தங்கை ஒரு பவர் பேங்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அண்ணா, இதுல சார்ஜே நிக்க மாட்டேங்குது. ராத்திரி போட்டு வெச்சா பிளாஸ்டிக் கருகுற மாதிரி வாசனை வேற. கொஞ்சம் பாரேன்" என்றாள். முதுகில் 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று பெரிதாக அச்சடித்திருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை. இரண்டு யூஎஸ்பி வாய், ஒரு சின்ன டார்ச், நான்கு நீல எல்இடி.

உள்ளே செல் போயிருக்கும், நாலு நல்ல செல் வாங்கிப் போட்டால் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வேலை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். செல் போயிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை நம்பி நான் செய்த வேலைதான் இந்த ஐந்து மாதத்தில் செய்ததிலேயே ஆபத்தானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கையில் இருந்த கருவிகள். வோல்ட்டும் ஆம்பியரும் காட்டி, போன மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே வரும் யூஎஸ்பி மீட்டர் ஒன்று. ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று சுவிட்ச் வைத்த ரெசிஸ்டர் லோட் ஒன்று, பவர் பேங்கிலிருந்து ஒரே சீராக மின்சாரம் இழுக்க. சாதாரண மல்டிமீட்டர். சமையலறைத் தராசு. தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி. ஒவ்வொரு செல்லாக ஏற்றி இறக்கிக் கொள்ளளவு காட்டும் நான்கு செல் சார்ஜர். வேலை செய்த இடம் ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய தரை ஓடு. பக்கத்தில் ஒரு வாளி மணல். வாளியைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் தப்பு, போனையே லோடாக வைத்து அளந்தது. 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன், 20 சதவீதத்தில் மாட்டினேன். 85-ஐத் தொட்டதும் பவர் பேங்க் அணைந்துவிட்டது. ஆனால் போன் ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. திரை எரிந்தால் ஒரு கணக்கு, சூடானால் ஒரு கணக்கு, நிரம்ப நிரம்ப இன்னொரு கணக்கு. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் வேறு வேறு எண். போதாக்குறைக்கு மீட்டரைப் போன் பக்கம் மாட்டியிருந்தேன். அது 4.4 வோல்ட் காட்டியது. பவர் பேங்க் படு மோசம் என்று முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் ஒரு மீட்டர் நீள ஒல்லிக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தடித்த குட்டைக் கேபிள் போட்டால் அதே இடத்தில் 4.6. குற்றத்தில் ஒரு பங்கு கேபிளுடையது. ஆக, அந்த வார அளவு எல்லாம் குப்பை.

பிறகுதான் மீட்டரை நேராக பவர் பேங்கின் வாயில் செருகி, அதன் மேலேயே ரெசிஸ்டர் லோடை மாட்டினேன். நடுவில் கேபிளே இல்லை. ஒரு ஆம்பியர் சுவிட்சில் 0.96 ஆம்பியர் ஓடியது, சராசரி 4.82 வோல்ட். 3 மணி 10 நிமிடத்தில் அணைந்தது. மீட்டர் காட்டியது 3,040 எம்ஏஎச், 14.6 வாட் மணி. இரண்டு ஆம்பியருக்கு மாற்றினால் வோல்ட் 4.41-க்கு இறங்கியது. யூஎஸ்பி வாயில் 4.75-க்குக் குறையக் கூடாது. ஆறு நிமிடத்தில் மேல் ஓடு 58 டிகிரி. அணைத்துவிட்டேன். பெட்டியில் '2.1 ஆம்பியர்' என்று எழுதியிருந்தது.

இங்கே ஒரு கணக்கு சொல்லியாக வேண்டும். பவர் பேங்கில் எழுதும் எம்ஏஎச் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில் எழுதுவது. நமக்கு வெளியே வருவது 5 வோல்ட். ஆகவே நேர்மையான 20,000 எம்ஏஎச் பவர் பேங்கிலிருந்தும் 5 வோல்ட்டில் 20,000 வராது. 20,000 எம்ஏஎச்சை, அதாவது 20 ஆம்பியர் மணியை, 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் மணி, அதுதான் உள்ளே உள்ள மொத்த ஆற்றல். அதை 5-ஆல் வகுத்தால் 14,800. மாற்றும்போது சூடாகப் போவதைக் கழித்தால் 12,500, 13,000 வந்தால் நல்ல பொருள். நல்ல பெட்டிகளில் பொடி எழுத்தில் இந்த இரண்டாவது எண்ணையும் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பார்கள். எனக்கு வந்தது 3,040. சொன்ன 74 வாட் மணியில் கைக்கு வந்தது ஐந்தில் ஒரு பங்கு.

இதையெல்லாம் அளந்த பிறகுதான் தராசு ஞாபகம் வந்தது. வைத்தேன், 214 கிராம். தலையில் அடித்துக்கொண்டேன். முதல் நாளே வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல லித்தியம் அயன் செல்கூட ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட் மணிதான் தாங்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 74 வாட் மணிக்குச் செல் மட்டுமே 300 கிராமை நெருங்க வேண்டும். வெளி ஓடு, சர்க்யூட் பலகை இரண்டும் தனி. 214 கிராம் பெட்டிக்குள் 20,000 எம்ஏஎச் இருக்கவே முடியாது.

சரி, திறப்போம். பெட்டி ஸ்க்ரூ இல்லாதது, விளிம்பில் கொக்கி போட்டு அழுத்தி மூடியது. லோட் வைத்து முழுக்கக் காலியாக்கிவிட்டுத்தான் திறந்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் எடுத்தது பேனாக்கத்தி. மூன்றாவது கொக்கியில் கத்தி வழுக்கி உள்ளே போய், செல்லின் நேர்முனைப் பட்டையில் உரசி ஒரு பொறி பறந்தது. காலியான செல்லிலேயே பொறி. கத்தி நுனி நின்ற இடத்திலிருந்து செல்லின் உறை நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. செல் உடம்பில் குத்தியிருந்தால் மணல் வாளிக்கு வேலை வந்திருக்கும். மீதிக் கொக்கிகளைப் பழைய பிளாஸ்டிக் உறுப்பினர் அட்டையை வைத்துத்தான் திறந்தேன். உலோகம் எதுவும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

உள்ளே நாலு 18650 செல், பக்கவாட்டில் இணையாகச் சேர்த்தவை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவத்துக்கு. நாலில் 20,000 என்றால் ஒன்றுக்கு 5,000. இந்த அளவில் நல்ல நிறுவனங்களே 3,500 பக்கம் வந்து நின்றுவிடுகின்றன. உறை புதுசு, பளபள நீலம். பட்டையைப் பிரித்தபோது அதற்கடியில் பழைய வெல்டிங் புள்ளிகள் தெரிந்தன. ஏற்கெனவே வேறெங்கோ உழைத்து ஓய்ந்த செல்களுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். 40, 39, 40, 27 கிராம். நல்ல 18650 செல் 45 கிராம் பக்கம் இருக்கும். அந்த 27 கிராம் ஆசாமியை அறுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. மணலோ இரும்போ அடைத்துச் செல் என்று விற்றதைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் இதன் முனையில் 3.1 வோல்ட் இருந்தது. வோல்ட் காட்டுகிற எதையும் அறுக்கக் கூடாது. வைத்துவிட்டேன்.

சார்ஜரில் போட்டு ஒவ்வொன்றின் கொள்ளளவும் எடுத்தேன், 500 மில்லி ஆம்பியரில் இறக்கி. 1,620, 1,580, 1,650, அப்புறம் அந்த நாலாவது: 140. கூட்டினால் 4,990 எம்ஏஎச், சுமார் 18 வாட் மணி. வெளியே வந்தது 14.6. பலகையின் திறன் 80 சதவீதம் என்று ஆகிறது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தியதில் ஒரு சின்ன சந்தோஷம்.

நாலாவது செல்லுக்கு இன்னொரு குணமும் இருந்தது. 4.15 வோல்ட் ஏற்றித் தனியே வைத்தால் இரண்டே நாளில் 3.6-க்கு இறங்கியது. உள்ளுக்குள்ளேயே கசிகிறது. இணையாகச் சேர்த்த செல்களில் ஒன்று கசிந்தால் மற்ற மூன்றும் அதற்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். தங்கை சொன்ன 'சார்ஜ் நிக்கல' இதுதான். கசிகிற மின்சாரம் சூடாகத்தான் போகும் என்பதால் இரவெல்லாம் ஒரு செல் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். அதுவும் தலையணைப் பக்கத்தில்.

செல்களில் மூழ்கியிருந்ததில் பலகையைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். பச்சைப் பலகை, நடுவில் பெயர் சுரண்டப்பட்ட ஒரே ஒரு ஐசி, ஒரு சுருள், சில கெப்பாசிட்டர்கள். ஓரத்தில் ஆறு கால் சிப் ஒன்றுக்கும் எட்டு கால் சிப் ஒன்றுக்கும் இடம் விட்டு, இரண்டையும் காலியாக வைத்திருந்தார்கள். காலி இடத்தின் குறுக்கே ஈயத்தால் ஒரு பாலம். செலவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் போல என்று கடந்துபோனேன்.

மிச்சம் பிடித்தது பாதுகாப்பைத்தான். அந்த ஆறு கால் சிப் டிடபிள்யூ01 வகை, எட்டு கால் 8205 வகை மாஸ்ஃபெட் ஜோடி, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள். செல்லின் வோல்ட் 4.3-ஐ நெருங்கினாலோ, 2.4 பக்கம் இறங்கினாலோ, ஷார்ட் ஆகி ஆம்பியர் எகிறினாலோ செல்லைப் பலகையிலிருந்து துண்டித்துவிடுவது இந்த ஜோடிதான். பவர் பேங்கிலேயே மலிவான பாகங்களில் ஒன்றும் இதுதான். பலகையை வரைந்தவருக்கு அது வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, இடம் விட்டிருக்கிறார். பொருத்த வேண்டியவர்தான் ஈயம் ஊற்றி மூடியிருக்கிறார்.

இது உறைக்காமல் நான் செய்தது இது: நம்பகமான இடத்திலிருந்து 2,600 எம்ஏஎச் செல் நாலு வாங்கினேன். ஒவ்வொன்றும் 46 கிராம், அளந்து பார்த்ததில் 2,530-இலிருந்து 2,560 வரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை ஸ்பிரிங் வைத்த நாலு செல் ஹோல்டரில் போட்டு, அந்தப் பழைய பலகையிலேயே இணைத்தேன். ஒரு ஆம்பியரில் 29 வாட் மணி வெளியே வந்தது. முன்பு வந்ததைப் போல் இரண்டு மடங்கு. தங்கைக்குப் போன் போட்டு 'சரியாகிவிட்டது' என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் இரவு இன்னொரு முறை அளந்தேன். லோடை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் செல்களில் 2.21 வோல்ட். பலகை தன்னால் அணைக்கவே இல்லை, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியிருக்கிறது. அளவுக்கு மீறி இறங்கி நெடுநேரம் கிடந்தால் செல்லுக்குள் இருக்கும் செம்பு கரையத் தொடங்கலாம். அப்புறம் சார்ஜ் ஏற்றும்போது அது கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஒரே இரவு என்பதால் தப்பித்தது என்று நினைக்கிறேன். 200 மில்லி ஆம்பியரில் மெதுவாக 3 வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்து, நாலையும் திரும்ப அளந்தேன். கொள்ளளவு குறையவில்லை, வைத்த இடத்தில் வோல்ட் இறங்கவும் இல்லை.

அதன் பிறகுதான் பயம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய பலகை வழியாகச் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு முறை வோல்ட் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது மணி நேரத்தில் 4.20. நல்ல பலகை இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நாலு நீல விளக்கும் நிரம்பியதாகச் சொல்லி எரிந்தன. மின்சாரம் மட்டும் நிற்கவில்லை. 4.24. 4.27. சுருள் பக்கம் வெப்பமானி 33 டிகிரி என்றது, விரல் வைத்தால் சுட்டது. பளபளப்பான உலோகத்தில் அகச்சிவப்பு வெப்பமானி பொய் சொல்லும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பார்த்தால் 74. மல்டிமீட்டர் 4.29 காட்டியதும் வயரைப் பிடுங்கினேன். அந்தச் சுருளுக்கு நேர் மேலே பழைய மூடியின் உட்புறம் பழுப்பேறியிருந்தது. தங்கை சொன்ன கருகல் வாசனை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

பழைய செல்களோடு இருந்தபோது இது ஏன் வெடிக்கவில்லை என்று அன்று இரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். என் ஊகம் இதுதான்: அந்தக் கசிகிற நாலாவது செல்தான் காப்பாற்றியது. மேலே ஏற ஏற அது கசியவிட்டு வோல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கும். மற்ற மூன்றும் கிழடு என்பதால் லோட் கொடுத்ததும் வோல்ட் சரிந்து சீக்கிரமே படுத்துவிட்டன. அதைக் கழற்றிவிட்டு, பாதுகாப்பே இல்லாத பலகையில் இரண்டு மடங்கு ஆற்றல் உள்ள ஆரோக்கியமான செல்களை மாட்டியவன் நான். கொள்ளளவில் எவ்வளவு ஏமாற்றினார்கள் என்று இரண்டு மாதம் அளந்துகொண்டிருந்தேன். நான் அளக்க வேண்டியிருந்தது சார்ஜ் எங்கே நிற்கிறது, லோட் எங்கே துண்டிக்கப்படுகிறது என்ற இரண்டே இரண்டு எண்களை.

பழைய பலகையை உடைத்துப் போட்டேன். மீதி நடந்தது மறுகட்டுமானம்.

ஐபி5306 என்ற பவர் பேங்க் ஐசி வைத்த சிறு பலகை இரண்டு வாங்கினேன். ஒன்றை எப்படியும் எரிப்பேன் என்று என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். எரித்தேன், பேட்டரி முனையை மாற்றி இணைத்து. கண் இமைப்பதற்குள் புகை, அவ்வளவுதான் அதன் கதை. இந்த ஐசி 2.1 ஆம்பியர் வரை சார்ஜ் எடுக்கும், 2.4 ஆம்பியர் வரை வெளியே கொடுக்கும், தனக்குள்ளேயே பாதுகாப்பும் உண்டு. இருந்தாலும் செல்லுக்கும் அதற்கும் நடுவே தனியாக ஒரு பாதுகாப்புப் பலகை வைப்பது என்று முடிவு செய்தேன். ஒன்று சிக்கிக்கொண்டால் இன்னொன்று துண்டிக்கட்டும்.

முதலில் வாங்கிய பாதுகாப்புப் பலகையில் ஒரே ஒரு மாஸ்ஃபெட் ஜோடி, 3 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 2 ஆம்பியர்தானே எடுக்கப்போகிறோம், போதும் என்று நினைத்தேன். செல் நிரம்பி இருக்கும்வரை ஓடியது. பாதி இறங்கியதும் பட் பட்டென்று அணைய ஆரம்பித்தது. பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெளியே 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். அதைச் செல் 3.3 வோல்ட்டில் கொடுக்க வேண்டும் என்றால், மாற்றும் இழப்பையும் சேர்த்து 3.4 ஆம்பியர். செல் இறங்க இறங்க அது இழுக்கும் ஆம்பியர் ஏறும். மூன்று ஜோடி வைத்த பலகைக்கு மாறினேன்.

அதை இணைத்ததும் வெளியே பூஜ்யம் வோல்ட். செத்த பலகை என்று கழற்றி ஓரம் போட்டு, இன்னொன்று இணைத்தால் அதுவும் பூஜ்யம். ஒரு மாலை முழுக்க அதில் போயிற்று. இந்த வகைச் சிப் செல்லை முதல்முறை இணைக்கும்போது தூங்கிக்கொண்டே இருப்பது உண்டு, சார்ஜர் வோல்ட்டை ஒரு முறை காட்டினால்தான் விழிக்கும். சார்ஜரை ஒரு நொடி செருகினேன், இரண்டு பலகையும் உயிரோடுதான் இருந்தன.

ஹோல்டரையும் தூக்கிப் போட்டேன். இரண்டு ஆம்பியரில் அதன் ஸ்பிரிங்குகள் தொட முடியாத அளவுக்குச் சூடாயின. செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைப்பது எனக்குப் பிடிக்காது, அந்தச் சூடு உள்ளே இறங்கும். நண்பரிடமிருந்து ஸ்பாட் வெல்டர் இரவல் வாங்கினேன். 0.15 மில்லிமீட்டர் தடிமனும் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நிக்கல் பட்டை. நிக்கல் என்று சொல்லி நிக்கல் பூசிய இரும்பைத் தருவதும் நடக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைப்பது. காலையில் சுரண்டிய இடம் துருப்பிடித்திருந்தால் இரும்பு. நான் வாங்கிய முதல் சுருள் துருப்பிடித்தது. இரண்டாவது பிடிக்கவில்லை.

வெல்ட் பண்ணும் முன் நாலு செல்லின் வோல்ட்டும் பார்த்துக்கொண்டேன்: 3.58, 3.57, 3.58, 3.56. இந்த அளவு நெருக்கம் போதும். ஒன்று நிரம்பியும் ஒன்று காலியாகவும் இருக்கும்போது இணையாகச் சேர்த்தால் சேர்த்த நொடியிலேயே ஒன்று இன்னொன்றுக்குள் பாயும். நேர்முனையைச் சுற்றி உள்ள விளிம்பும் எதிர்முனைதான் என்பதால் ஒவ்வொன்றிலும் காகித வளையம் ஒட்டினேன். மேலே சூடு தாங்கும் மஞ்சள் கேப்டான் டேப் இரண்டு சுற்று. பழைய பெட்டியில் முடி மாதிரி இருந்த வயருக்குப் பதில் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர்.

செல்களின் நடுவே 77 டிகிரியில் அறுந்துபோகும் ஒரு வெப்ப ஃபியூஸும் வைத்தேன். முதல் ஃபியூஸ் ஈயம் வைக்கும்போதே அறுந்துபோனது. சூடானால் அறு என்று செய்த பொருளின் காலில் 350 டிகிரி சால்டரிங் இரும்பை வைத்தால் அது சொன்ன வேலையைத்தானே செய்யும்? இரண்டாவதை மூக்கு இடுக்கியால் கவ்விக்கொண்டு, காலை நீளமாக விட்டு, இரண்டு நொடியில் ஈயம் வைத்து எடுத்தேன்.

பெட்டிக்கு நண்பர் முப்பரிமாண அச்சில் செய்து தருகிறேன் என்றார். அவரிடம் இருந்தது பிஎல்ஏ பிளாஸ்டிக். அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும், வேண்டாம் என்று ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். எல்லாம் சேர்த்து 268 கிராம்.

இப்போது அளவுகள். சார்ஜ் 4.19 வோல்ட்டில் நின்றது, மூன்று முறையும். லோட் வைத்து மறந்ததுபோல் விட்டேன், இந்த முறை வேண்டுமென்றே, பக்கத்தில் உட்கார்ந்து. 3 வோல்ட்டைத் தொடும் முன்பே பலகை தன்னால் அணைந்தது. ஒரு ஆம்பியரில் 6,590 எம்ஏஎச், 33 வாட் மணி. இரண்டு ஆம்பியரில் 4.97 வோல்ட், 31.6 வாட் மணி, அறை 31 டிகிரியாக இருக்கும்போது பெட்டியின் மேல் 44. பெட்டியின் முதுகில் டேப் ஒட்டி, 'செல் 10,400, கையில் கிடைப்பது 6,590' என்று எழுதி வைத்தேன். எழுதும்போது கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஒரு குறை உண்டு. இந்த ஐசி 45 மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இழுத்தால் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். காதில் மாட்டும் ப்ளூடூத் கருவியின் டப்பா முழுக்க நிரம்புவதற்குள் அணைந்துபோகிறது. பட்டனை மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் ஏறும். தங்கைக்கு இது எரிச்சல்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: எரித்த பலகை, துருப்பிடித்த பட்டை, அறுந்த ஃபியூஸ் எல்லாம் சேர்த்து அந்தப் பவர் பேங்க் வாங்கிய விலையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இதில் பாதிக்கு மேல் செல்களுக்கு. இந்தப் பணத்துக்கு இதைவிட இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள நல்ல பவர் பேங்கையே வாங்கியிருக்கலாம். ஸ்பாட் வெல்டர் இரவல் கிடைக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

நல்ல பெயர் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தன் பவர்கோர் 10000, ஏ1263 மாடலை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. செல்லில் தீப்பிடிக்கும் ஆபத்து என்பதுதான் காரணம். ஆனால் அங்கே மாடல் எண் இருந்தது, அதை வைத்துத் தேடிப் பார்க்க ஒரு இடம் இருந்தது. தங்கையின் பெட்டியில் எந்த எண்ணை வைத்து எதைத் தேடுவது? இப்போது வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் வாட் மணி அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன், அப்புறம் மாடல் எண், அப்புறம் தராசு. விமானத்தில் 100 வாட் மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 27,000 எம்ஏஎச் என்று விற்பவை அந்த 100-க்குள் அடங்கச் செய்தவைதான். 50,000 என்று அச்சிட்டவை 185 வாட் மணி கணக்கு. உள்ளே பத்தாயிரம்கூட இல்லாவிட்டாலும் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் அங்கே நிறுத்துவார்கள்.

இன்னொரு முறை செய்வதானால் செல்லின் சூட்டைத் தானே பார்த்துச் சார்ஜைக் குறைக்கும், தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் பாகம்) மாட்ட வாய் உள்ள பலகையாக எடுப்பேன். 77 டிகிரி ஃபியூஸ் கடைசிக் காவல்தான், அது அறுந்தால் பெட்டியைத் திறந்துதான் மாற்ற வேண்டும். பெட்டியை ஒரு சென்டிமீட்டர் பெரிதாக எடுப்பேன். இப்போது பலகை செல்லை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடு செல்லுக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய பலகையில் வெறும் நாலு செல்லை மாற்றிப் போடும் வேலையை யார் கேட்டாலும் செய்ய மாட்டேன்.

மறுகட்டி இரண்டு மாதம் ஆகிறது, முப்பது முறைக்கு மேல் ஏற்றி இறக்கியாயிற்று. முந்தாநாள் தங்கையிடமிருந்து வாங்கி அளந்தேன், 6,540.

பழைய செல்கள் நாலும் முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில், ஜன்னலுக்கு வெளியே இருக்கின்றன. மூன்று இன்னும் 3.4 வோல்ட் காட்டுகின்றன. நாலாவது நேற்று 0.4. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும், இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.